லைனில் யார் இருக்கிறார்கள்?

(தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1979இல் டிரங்க் போர்டில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். காதில் ஹெட்செட், எதிரே ஆளுயரப் பலகை, அதில் வரிசை வரிசையாகத் துளைகள், மேசையில் ஜோடி ஜோடியாக நிற்கும் கார்டுகள். ஒரு கார்டை உள்ளூர்த் துளையிலும் அதன் ஜோடியை வெளியூர் லைனிலும் செருகினால் இரண்டு பேர் பேசலாம். உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ‘பி.பி. கால்’ நினைவிருக்கும். விசிட்டிங் கார்டில் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு, ஓரத்தில் ‘பி.பி.’ என்று அச்சடித்திருப்பார்கள். பர்ட்டிகுலர் பர்சன். இன்னாரிடம்தான் பேச வேண்டும் என்று பதிவு செய்தால், அந்த ஆளைக் கூப்பிட்டு லைனுக்கு வரவழைப்பது எங்கள் பொறுப்பு. மறுமுனை ஆபரேட்டர் அந்த வீட்டில் கேட்பார்: “ராமசாமி சார்தானே பேசறது?” “ஆமாங்க” என்று பதில் வந்த பிறகுதான் நான் டிக்கெட்டில் நேரத்தைக் குறிப்பேன்.

ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவில் இப்படி ஒரு சாட்சி இருந்தாள். கோயம்புத்தூர் ஆபரேட்டரின் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அவர் ஊர்ப் பெயரைச் சொல்லும் தொனியிலேயே இன்றைக்கு யார் டியூட்டி என்று தெரிந்துவிடும். அந்தச் சாட்சியால் இன்னொன்றும் முடியும். பலகையில் உள்ள கீயைத் தள்ளினால் இருவர் பேசுவதும் அவள் காதில் விழும். லைன் ஒழுங்காகக் கிடைத்ததா என்று ஒரு நொடி கேட்டுவிட்டு விலகிவிட வேண்டும் என்பது விதி. கீயைத் திறக்கும்போது சின்னதாக ஒரு ‘க்ளிக்’ கேட்கும். குரல் ஒரு இழை தாழும். பழகிய சந்தாதாரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். “அக்கா, லைன்ல இருக்கீங்களா?” என்பார்கள். “பேசி முடிச்சுட்டீங்களான்னு பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு நான் விலகுவேன். தொலைபேசியில் நான் அறிந்த முதல் பாதுகாப்பு அறிகுறி அந்த க்ளிக் ஓசைதான். யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. ஆனாலும் அதை நம்பலாம்.

தொலைபேசியைக் கையில் எடுக்கிறவருக்கு இரண்டு கேள்விகள் உண்டு. என்னோடு பேசுவது யார்? நாங்கள் பேசுவதை வேறு யார் கேட்கிறார்கள்? முதல் கேள்விக்கு பி.பி. கால் பதில் சொன்னது. இரண்டாவதற்கு அந்த க்ளிக் பதில் சொன்னது. இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் கருவி அந்தப் பலகையைவிடப் பல லட்சம் மடங்கு கெட்டிக்காரக் கருவி. இந்த இரண்டு கேள்விகளுக்கும் அதற்கு என்ன தெரியும், அதில் எவ்வளவை நமக்குச் சொல்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதற்குத் தெரிந்தது நிறைய. நமக்குச் சொல்வது கொஞ்சம். சொல்கிற கொஞ்சத்தையும் தவறாகப் புரிந்துகொள்ளும்படி சொல்கிறது.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டிருந்தால் இவ்வளவு வேகமாகப் பேச மாட்டேன். எங்கள் எதிர் வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். முப்பத்தைந்து வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர், ஏமாளி அல்ல. போன வருடம் ஒருநாள் மதியம் வந்து கதவைத் தட்டினார். போனைத் திரை உள்பக்கமாக நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். உதட்டில் விரலை வைத்து, பேசாதே என்று சைகை காட்டினார். இன்னொரு கையால் சார்ஜர் வேண்டும் என்று காட்டினார். பேட்டரி தீரப்போகிறது, அழைப்பைத் துண்டித்தால் கைது செய்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். காலை பத்து மணியிலிருந்து அப்படியே வீடியோ காலில் வைத்திருக்கிறார்கள். நான் போனை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்ட ஒருவன், பின்னால் சுவரில் ஒரு முத்திரை. திரையின் மேலே ஒரு குட்டிப் பூட்டு. பக்கத்தில், இந்த அழைப்பு முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்பட்டது என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

நான் அழைப்பைத் துண்டித்தேன். டீச்சர் அழுதார். அதற்குள் ஒரு தொகை போய்விட்டது. இருவரும் உட்கார்ந்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்தோம். ராத்திரி எட்டு மணிக்கு அவர் கேட்ட கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. “பாதுகாப்பான லைன்னு அவன் சொன்னான்மா. ஸ்கிரீன்லயும் பூட்டு இருந்துச்சே?”

பூட்டு இருந்தது உண்மை. அந்தப் பூட்டு பொய் சொல்லவும் இல்லை. வேறு யாரும் கேட்க முடியாதபடி அந்த அழைப்பு காக்கப்பட்டுத்தான் இருந்தது. திருடனுக்கும் டீச்சருக்கும் நடுவில் காற்றுகூடப் புகாது. இரண்டாவது கேள்விக்கான பதிலை முதல் கேள்விக்கான பதிலாக அவர் எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ளத் தோதாகத்தான் திரையில் எழுதியிருக்கிறார்கள். இதற்கு டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த ‘டிஜிட்டல் கைது’ மோசடியில் 2024இன் முதல் நான்கு மாதங்களில் மட்டும் மக்கள் 120 கோடி ரூபாய்க்கு மேல் இழந்தார்கள் என்பது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. அந்த அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில், அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது என்று சொல்ல வேண்டிவந்தது. இத்தனை பேரும் கவனக்குறைவானவர்கள் என்று சொன்னால் அது அநியாயம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். அழைப்பது யார்?

நடுவில் இருந்த மனுஷியை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஆல்மன் ஸ்ட்ரோஜர். ஈமச்சடங்குத் தொழில் நடத்தியவர். தனக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தார் என்று எங்கள் பயிற்சி வகுப்பில் கதை சொல்வார்கள். 1891இல் காப்புரிமை வாங்கினார். நம் நாட்டில் ஊர்விட்டு ஊர் நேரடியாக டயல் செய்யும் எஸ்.டி.டி. வசதி 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே வந்தது. என் காலத்தில் எங்கள் ஊருக்கும் வந்தது; டிரங்க் போர்டு ஒவ்வொன்றாக அணைந்தது. நான் மறுபயிற்சி எடுத்து சி-டாட் என்ற டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். சாட்சி போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடனே லைன் கிடைக்கிறதே, அந்த மகிழ்ச்சி எங்களுக்கும் இருந்தது.

பிறகு அழைப்பவர் எண் காட்டும் வசதி வந்தது. எண் தெரிந்ததும் சாட்சி திரும்பி வந்துவிட்டதாக எல்லாரும் நினைத்துக்கொண்டோம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழிக்கு எஸ்.எஸ்.7 என்று பெயர். 1970களிலும் 80களிலும் உருவானது. அன்று உலகத்தில் தொலைபேசி நடத்தியவை பெரும்பாலும் அரசுத் துறைகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய நிறுவனங்களும்தான். ஒருவர் சொன்னால் மற்றவர் நம்புவார். அழைக்கும் எக்ஸ்சேஞ்ச், ‘இந்த எண்ணிலிருந்து அழைப்பு’ என்று ஒரு வரி எழுதி அனுப்பும். பெறும் எக்ஸ்சேஞ்ச் அதை அப்படியே உங்கள் திரையில் காட்டும். பெரிய அலுவலகங்களில் உள்ள பி.ஏ.பி.எக்ஸ். என்ற உள் எக்ஸ்சேஞ்சுக்கு அந்த வரியைத் தானே எழுத அனுமதி உண்டு. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. முந்நூறு எக்ஸ்டென்ஷன் உள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து எந்த மேசையிலிருந்து பேசினாலும் வரவேற்பு மேசை எண்ணே தெரிய வேண்டும், இல்லையா? அந்த நியாயமான வாசல் வழியாகத்தான் இணையவழி அழைப்புக் காலத்தில் திருடனும் உள்ளே வந்தான்.

தபாலை நினைத்துப் பாருங்கள். உறையின் இடது ஓரத்தில் ‘அனுப்புநர்’ முகவரி எழுதுகிறோம். எதை வேண்டுமானாலும் எழுதலாம். கலெக்டர் ஆபீஸ் என்றுகூட எழுதலாம். தபால்காரர் சரிபார்ப்பதில்லை. ஆனால் அஞ்சல் தலையின் மேல் விழும் முத்திரை தபாலகம் குத்தியது. எந்த ஊரில், எந்தத் தேதியில் போட்டது என்பதற்கு அது சாட்சி. நம் போன் திரையில் தெரியும் எண் அனுப்புநர் முகவரி. நாம் அதை முத்திரை என்று நினைத்துக்கொண்டு வாழ்கிறோம்.

முத்திரை குத்தும் முயற்சி அமெரிக்காவில் நடந்தது. 2019 டிசம்பர் கடைசியில் சட்டம் வந்தது; 2021 ஜூன் 30க்குள் பெரிய நிறுவனங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கெடு வைத்தார்கள். ‘ஸ்டிர்-ஷேக்கன்’ என்று பெயர். அழைப்பு புறப்படும் இடத்தில் அந்த நிறுவனம் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று தரம்: ‘ஏ’ என்றால், இந்த வாடிக்கையாளரை எங்களுக்குத் தெரியும், இந்த எண்ணைக் காட்ட அவருக்கு உரிமை உண்டு. ‘பி’ என்றால், ஆளைத் தெரியும், எண் அவருடையதா என்று தெரியாது. ‘சி’ என்றால், வேறெங்கிருந்தோ எங்கள் வாசலுக்கு வந்தது, கடத்திவிடுகிறோம், அவ்வளவுதான். எவ்வளவு தெரியும் என்பதை அளந்து சொல்வதால் எனக்கு இந்த அமைப்பின்மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த அளவு சந்தாதாரரின் கண்ணுக்கு வருவதற்குள் மழுங்கிவிடுகிறது. சில போன்களில் ‘ஏ’ வந்தால் ஒரு டிக் குறி தெரியும். பி, சி இரண்டுக்கும் எதுவுமே இல்லை. பழைய எக்ஸ்சேஞ்ச் ஒன்று நடுவில் குறுக்கிட்டால் கையெழுத்தே தொலைந்துவிடும்.

2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முதன்மைத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ஆயிரக்கணக்கான வாக்காளர்களுக்கு ஒரு பதிவு அழைப்பு போனது. அதிபர் பைடனின் குரல். வாக்களிக்கப் போகாதீர்கள் என்று சொன்னது. குரல் செயற்கை நுண்ணறிவால் செய்தது. திரையில் தெரிந்த எண்ணோ, அந்த ஊர் அரசியலில் பலருக்கும் தெரிந்த வேறு ஒருவருடையது. அழைப்பைக் கடத்திய நிறுவனம் அதற்குப் போட்ட தரம் ‘ஏ’. ஆளைத் தெரியும், எண் அவருடையதே என்ற உத்தரவாதத்தோடு பொய் எண் போய்ச் சேர்ந்தது. பிறகு அந்த நிறுவனம் பத்து லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு அறுபது லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். முத்திரை குத்துகிறவர் கண்ணை மூடிக்கொண்டு குத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சரியான உதாரணம் கிடைக்காது. அதே நேரம், முத்திரை இருந்ததால்தான் குத்தியவர் யார் என்று கண்டுபிடிக்க முடிந்தது, பொறுப்பேற்க வைக்க முடிந்தது. இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் வேறு வழியில் போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு +91 என்று நம் நாட்டு எண்ணைக் காட்டினால், அந்த எண்ணுக்கு உரியவர் உண்மையிலேயே வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்க வேண்டும். இருக்கிறாரா என்று நெட்வொர்க்குக்குத் தெரியும். இல்லையென்றால் அழைப்பு போலி. இதைச் சோதித்து நிறுத்தும் ஏற்பாட்டை 2024 அக்டோபர் 22 அன்று தொடங்கினார்கள். முதல் 24 மணி நேரத்தில் 1 கோடியே 35 லட்சம் அழைப்புகள் போலி என்று பிடிபட்டன. அந்த எண்ணிக்கையைக் கேட்டபோது நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அதுவரை அத்தனையும் நம் வீடுகளில் உள்ளூர் எண்ணாக ஒலித்துக்கொண்டிருந்தன. சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: அங்கே 2020 முதலே வெளிநாட்டு அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி வைக்கிறார்கள். உள்ளூர்க் காவல் நிலையம் என்று சொல்லிக்கொண்டு கூட்டல் குறியோடு வந்தால், எடுக்கும்போதே சந்தேகம் வரும். ஒரே ஒரு குறி, செலவு சொற்பம், சொல்லும் செய்தி தெளிவு.

வங்கிகளும் அரசு அலுவலகங்களும் அழைப்பதற்கு 160இல் தொடங்கும் எண்களை 2024இல் ஒதுக்கியிருக்கிறார்கள். விற்பனை அழைப்புகளுக்கு 140. இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது பெயர் காட்டும் வசதி. சி.என்.ஏ.பி. என்கிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. 2025 அக்டோபரில், கேட்காமலே எல்லாருக்கும் இயல்பாகத் தருவது என்று முடிவானது. நாலாம் தலைமுறை நெட்வொர்க்கிலிருந்துதான் அது வேலை செய்யும். சிம் வாங்கும்போது நாம் கொடுத்த விண்ணப்பத்தில் உள்ள பெயர் திரையில் வரும்.

இதை நான் வரவேற்கிறேன். ஆனால் இங்கே இருக்கும் அம்மாக்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் கையில் இருக்கும் சிம் யார் பெயரில் இருக்கிறது? (கூட்டத்தில் பேச்சுக் குரல்கள்.) மகன் பெயரில், வீட்டுக்காரர் பெயரில், தம்பி பெயரில். பாருங்கள், எத்தனை பேர். நாளைக்கு நீங்கள் அழைத்தால் உங்கள் தோழியின் திரையில் உங்கள் மகன் பெயர் வரும். திரை சொல்வது, இந்த சிம் இன்னார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது மட்டும். பேசுவது இன்னார் என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அப்படியானால் பெயருக்கு மேலே ‘பதிவுப் பெயர்’ என்று ஒரு சொல் இருக்க வேண்டும் என்பது என் வாதம். நம் போனில் நாமே சேமித்த பெயர், அழைக்கும் ஆள் தானே வைத்துக்கொண்ட பெயரும் படமும், ஊராரின் தொலைபேசிப் புத்தகங்களைத் திரட்டிச் செயலிகள் காட்டும் பெயர், நெட்வொர்க் பதிவேட்டில் உள்ள பெயர், இந்த நான்கும் இன்றைக்கு ஒரே அளவு எழுத்தில், ஒரே இடத்தில், ஒரே தோரணையில் வருகின்றன. நான்குக்கும் சாட்சி வேறு வேறு ஆள். அந்தச் சாட்சி யார் என்பதைக் காட்டாமல் பெயரை மட்டும் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை. டீச்சர் பார்த்த போலீஸ் முத்திரை, அழைத்தவன் தானே ஒட்டிக்கொண்ட படம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யார் கேட்கிறார்கள்?

நம் நாட்டில் 1995இல் செல்போன் வந்தபோது வந்தது ஜி.எஸ்.எம். இப்போது 2ஜி என்கிறோம். போனுக்கும் டவருக்கும் நடுவில் குரல் காற்றில் போகிறது. அதை மறைத்து அனுப்ப ஒரு குறியாக்க முறை வைத்தார்கள். அதில் இரண்டு குறைகள். டவர், போனைப் பார்த்து நீ யார் என்று கேட்கும். போன், டவரைப் பார்த்து நீ யார் என்று கேட்க வழியில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் போலி டவர் வைக்கலாம். 3ஜியில்தான் இருவரும் ஒருவரையொருவர் கேட்கும் முறை வந்தது. இன்னொரு குறை, மறைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது டவர். ‘மறைக்காமலே பேசு’ என்று அது சொன்னால் போன் கேட்டுக்கொள்ளும். மறைத்தாலும் பழைய முறை பலவீனமானது. 2009இல் பெர்லினில் கார்ஸ்டன் நோல் என்ற ஆய்வாளர் அதை உடைக்கும் அட்டவணைகளைப் பொதுவெளியில் காட்டினார். 2024இல் பாங்காக்கில், வேனுக்குள் போலி டவர் கருவியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றி மோசடிக் குறுஞ்செய்தி அனுப்பிய ஆளைப் போலீஸ் பிடித்தது. பக்கத்தில் இருக்கும் போன்களை 2ஜிக்கு இழுத்து இறக்குவதுதான் அந்தக் கருவியின் சூட்சுமம்.

இந்தப் பலவீனம் தெரிந்தேதான் செல்போனுக்கான விதிகளை எழுதியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அழைப்பு மறைக்கப்படாமல் போனால் அதைப் போன் பயனாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதினார்கள். சில பழைய மாடல்களில் ஒரு திறந்த பூட்டோ ஆச்சரியக்குறியோ வரும். நான் டிரங்க் போர்டில் கேட்ட க்ளிக் ஓசைக்குச் சமமான ஒன்று, இந்த முறை திட்டமிட்டே வைத்தது. கூடவே ஒரு விலக்கும் எழுதினார்கள்: சிம் கொடுக்கும் நிறுவனம் விரும்பினால் இந்த எச்சரிக்கையை அணைத்து வைக்கலாம்.

அந்த விலக்கு எங்கே இருக்கிறது தெரியுமா? உங்கள் சிம்முக்குள். சிம் என்பது ஒரு குட்டிக் கணினி. அதற்குள் கோப்புகள் உண்டு. அவற்றில் 6எஃப்.ஏ.டி. என்ற கோப்பு நிர்வாகத் தகவலுக்கானது. அதன் மூன்றாவது பைட்டின் கடைசி பிட் ஒன்றாக இருந்தால் எச்சரிக்கை வரும்; சுழியமாக இருந்தால் வராது. என் அண்ணன் மகள் கணினித் துறையில் இருக்கிறாள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கார்டு ரீடரில் என் பழைய சிம்மை வைத்து அந்தக் கோப்பைப் படித்துக் காட்டினாள். திரையில் வந்தவை நான்கு பைட்டுகள்: 00 00 00 02. கடைசியில் உள்ள 02, நெட்வொர்க் குறியீட்டில் எத்தனை இலக்கம் என்பதற்கானது. மூன்றாவது இடத்தில் சுழியம். அத்தனை வருடம் அந்த சிம்மில் நான் பேசிய எந்த அழைப்பு மறைக்கப்பட்டது, எது மறைக்கப்படவில்லை என்று என் போனுக்குத் தெரியும். என்னிடம் சொல்லாதே என்று அந்த ஒரு சுழியம் அதன் வாயைக் கட்டியிருந்தது.

ஏன் அணைத்தார்கள் என்று ஊகிப்பது சிரமமில்லை. எச்சரிக்கை தெரிந்தால் சந்தாதாரர் கேட்பார். வாடிக்கையாளர் மையத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். அதே விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. நிறுவனம் அணைத்திருந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் எச்சரிக்கையைக் காட்டும்படி அமைத்துக்கொள்ளும் வசதியைப் போன் பயனாளருக்குத் தர வேண்டும் என்று. அந்த வரியைப் போன் தயாரித்தவர்கள் மறந்துபோனார்கள். நான் வைத்திருந்த எந்தப் போனிலும் அப்படி ஓர் அமைப்பைக் கண்டதில்லை.

இப்போது நிலைமை மெல்லத் திரும்புகிறது. ஆண்ட்ராய்டில் 2021 முதல் 2ஜியை அணைத்து வைக்கும் அமைப்பு இருக்கிறது. சிம் அமைப்புகளுக்குள் போனால் கிடைக்கும், எல்லாப் போன்களிலும் இராது. அவசர அழைப்புக்கு மட்டும் 2ஜியைப் பயன்படுத்தும். அதனால் பயப்பட வேண்டாம். ஐபோனில் லாக்டவுன் மோடு போட்டால் 2ஜி அணையும், 2023 முதல். மறைக்கப்படாத இணைப்பைச் சொல்லி எச்சரிக்கும் வசதியும் புதிய ஆண்ட்ராய்டுகளில் வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் மோடம் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். ஆனால் கைக்குழந்தையோடு வயல் வேலைக்குப் போகிற பெண்ணின் இடுப்பில் இருக்கும் பட்டன் போனில் இவை எதுவுமே இல்லை. பெயர் காட்டும் வசதியும் அங்கே வராது. அதிகம் ஏமாற்றப்படக்கூடியவருக்குக் குறைவான தகவல் என்ற இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

அறிகுறி வைத்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இணையத்தில் இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், வங்கி வாடிக்கையாளர்களை உட்கார வைத்து, பாதுகாப்பான இணைப்பைக் காட்டும் அறிகுறிகளைத் திரையிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் நிறுத்தவில்லை. இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போவதை மனிதக் கண் கவனிப்பதில்லை. வீட்டு வாசலில் கோலம் இல்லை என்பதை விருந்தாளி கவனிப்பாரா? வாசலில் முள் கிடந்தால் கவனிப்பார். குரோம் உலாவியின் பூட்டுப் படத்தைப் பற்றி கூகுள் 2021இல் கேட்டுப் பார்த்ததில், நூற்றுக்குப் பதினொரு பேர்தான் அதன் பொருளைச் சரியாகச் சொன்னார்கள். மற்றவர்களில் பலருக்கு அது நல்ல தளம், நேர்மையான தளம் என்பதற்கான முத்திரை. மோசடித் தளங்களும் பூட்டு வைத்துக்கொண்டன. 2023இல் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டார்கள். டீச்சர் பார்த்த பூட்டும் அதே பூட்டுதான்.

ஆகவே போனுக்கு எப்படிப்பட்ட அறிகுறி வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஒரு பழைய கருவியைக் காட்டுவேன். 1987இலிருந்து அமெரிக்க அரசு அலுவலகங்களில் எஸ்.டி.யு.-3 என்ற தொலைபேசி இருந்தது. மேசைப் போன்தான். அதில் ஒரு சிறு ஜன்னல். இருவரும் சாவியைப் போட்டு மறைக்கப்பட்ட பேச்சுக்கு மாறியதும், மறுமுனைக் கருவி எந்த அலுவலகத்துடையது, எந்த ரகசிய நிலை வரை பேசலாம் என்பது அந்த ஜன்னலில் எழுத்தாக வரும். அதைப் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று பழக்கினார்கள். ‘பாதுகாப்பானது’ என்ற ஒற்றைச் சொல்லோடு அது நிற்கவில்லை. யாரோடு, எந்த அளவுக்கு என்று இரண்டையும் தனித்தனியாகச் சொன்னது.

நம் செல்போனில் ஒரு சிக்கல் கூடுதல். பேசும்போது போன் காதில் இருக்கிறது; திரை அணைந்துவிடுகிறது. கண்ணுக்கு வைக்கும் குறி அந்த நேரத்தில் யாருக்குப் பயன்படும்? பார்வையற்ற நண்பர் ஒருவர் இங்கே முன்வரிசையில் இருக்கிறார். அவருக்கு எந்த நேரத்திலும் பயன்படாது. ஆபத்து இருந்தால் அது காதில் கேட்க வேண்டும். மணி அடிக்கும்போதே ‘சரிபார்க்கப்படாத எண்’ என்று தமிழில் ஒரு குரல் சொல்லட்டும். பேச்சின் நடுவில் இணைப்பு மறைப்பில்லாமல் போனால் ஒரு க்ளிக் கேட்கட்டும். பட்டன் போனிலும் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கேட்கும். மூவாயிரம் ரூபாய்க் கருவியில் இதைச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால், போர்டில் உட்கார்ந்து அந்த ஓசையைத் தினமும் உண்டாக்கியவள் என்ற முறையில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டிராய் ஒவ்வொரு விதி கொண்டுவரும் முன்னும் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. யாரும் எழுதலாம். பதிவுப் பெயர் என்று குறித்துக் காட்டுவது, பட்டன் போனுக்கு ஒலி எச்சரிக்கை, சிம்முக்குள் இருக்கும் அந்த ஒரு பிட், இந்த மூன்றையும் பற்றி நான் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறார்.

கார்டு ரீடரையும் லேப்டாப்பையும் அண்ணன் மகள் அதோ அந்த மேசையில் வைத்திருக்கிறாள். உங்கள் சிம்மில் மூன்றாவது பைட் என்ன சொல்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். நானோ சிம்முக்குத் தட்டு இருக்கிறது. சிம்மை வெளியே எடுக்கும் ஊசியும் இருக்கிறது. பின் நம்பர் எதுவும் உங்களிடம் கேட்க மாட்டோம். இந்தக் கோப்பைப் படிக்க அது தேவையில்லை.